கண்ணில் படாத செடி

"மீன் எங்க?" என்று கேட்டாள் மாரிசெல்வி.

மகாராஜன் கண்ணாடித் தொட்டியைக் கட்டிப்பிடித்தபடி வாசலில் நின்றார். ஒன்றரை அடி நீளத் தொட்டி. உள்ளே அரை அடிக்குச் செம்மண்.

"இது மீனுக்கு இல்ல. செடி வளக்கப் போறேன்."

"செடி எங்க?"

"இனிமேதான் முளைக்கும்."

"சரி, சாப்பாட்டுத் தூக்குச்சட்டியக் குடுங்க, கழுவணும்."

"வேண்டாம், நானே கழுவுதேன்."

இருபத்தெட்டு வருடத்தில் அவர் தூக்கைக் கழுவியதே இல்லை. ஆனால் அன்றைக்கு அதற்குள் விரல் நீளத்தில் ஒரு கருந்தேள் இருந்தது.

மகாராஜன் பள்ளிக்கூடத்து டிராயிங் வாத்தியார். காலையில் காம்பவுண்டுச் சுவருக்குப் பள்ளம் தோண்டியபோது அது வெளியே வந்தது. கொத்தனார் மம்பட்டியை ஓங்கினார். "பொறும், ஒரு படம் வரைஞ்சுக்கிடுதேன்" என்று இவர் தடுத்தார். படம் முடிய ஒரு மணி நேரம் ஆயிற்று. அவ்வளவு நேரம் முகம் பார்த்துப் பழகிவிட்டு அடிக்கக் கொடுக்க மனம் வரவில்லை.

பஸ் ஸ்டாண்டு பக்கம் வளர்ப்பு மீன் கடை வைத்திருக்கும் மைதீன் பாட்சாதான் தொட்டி கொடுத்து வழியும் சொன்னார். "வளை தோண்டுத சாதி சார் இது. மண்ணு ஆழமா இருக்கணும், ஈரம் காயக் கூடாது. மூடி இறுக்கமா இருக்கணும், காத்தும் போகணும்."

"எங்க வீட்ல மட்டும் சொல்லிராதப்பா."

காரணம் இருந்தது. கல்யாணமான புதிதில் ராயகிரியில் மாரிசெல்வியைத் தேள் கொட்டியது. சங்கரன்கோவில் கோயிலில் வெள்ளித் தேள் வாங்கி உண்டியலில் போட்ட பிறகுதான் அவளுக்குத் தூக்கமே வந்தது. இன்றைக்கும் தலையணை உறையை மூன்று தடவை உதறாமல் படுக்கமாட்டாள். விஷயம் தெரிந்தால் தேளோடு சேர்த்துத் தன்னையும் வெளியே அனுப்பிவிடுவாள் என்று அவர் நம்பினார்.

தொட்டியை மாடி அறையில் சன்னலோரம் வைத்து, தேளை உள்ளே விட்டு, கம்பிவலையால் மூடினார்.

"செடிக்கு எதுக்கு மூடி?"

"கோழி கிளறிரும்."

"மாடிக்கு எப்படிக் கோழி வரும்?"

"பறந்துதான்."

மறுநாள் பார்த்தால் வலைமேல் அம்மிக்குழவி உட்கார்ந்திருந்தது. "பறந்து வார கோழிக்கு வலை பத்தாதுல்லா" என்றாள். வலை நடுவில் தொய்ந்திருந்தது. குழவி விழுந்தால் தேள் சட்னிதான். அவர் அவசரமாக ஒரு பலகை வாங்கி, துளை போட்டு, வலைக்குப் பதிலாக மாட்டினார். குழவி பலகைமேல் ஏறிக்கொண்டது.

நான்காம் நாள் அவள் செம்போடு வந்தாள்.

"மண்ணு காஞ்சு கெடக்கு, பாவம்."

"இது தண்ணி கேக்காத செடி."

"கேக்காதுன்னா குடிக்காதா?"

ஊற்றிவிட்டாள். இனி சந்தேகம் வரக் கூடாது என்று மகாராஜன் ஒரு கற்பூரவல்லிக் கொப்பை வாங்கிவந்து மண்ணில் குத்தினார். குத்திய இடம் வளையின் கூரை. பொலபொலவென்று சரிந்தது. அவர் முகத்தைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு, "வெளிய வா மக்கா, வந்துரு மக்கா" என்று கெஞ்சினார். கால் மணி நேரம் கழித்து ஒரு கொடுக்கு மண்ணைத் தள்ளிக்கொண்டு எட்டிப்பார்த்த பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது.

"யாருகிட்ட பேசுதிய?" கீழேயிருந்து குரல்.

"செடிகிட்ட! பேசுனா நல்லா வளருமாம்."

அதிலிருந்து அவளும் பேச ஆரம்பித்தாள். துணி காயப்போட வரும்போதெல்லாம், "நல்லாருக்கியாட்டி? வெயிலு தாங்குதியா?" என்று விசாரித்தாள். "நிழலு வேணும்லா" என்று உடைந்த மண்சட்டித் துண்டு ஒன்றைக் கவிழ்த்தும் வைத்தாள். தேள் அதற்கடியிலேயே புது வளை தோண்டிக்கொண்டது. ஒப்புக்கு நட்ட ஒரு செடிமேல் இவ்வளவு பாசம் வைக்கிறவளை ஏமாற்றுகிறோமே என்று மகாராஜனுக்குச் சோறு இறங்கவில்லை.

தேளுக்கும் இறங்கவில்லை. அவர் பாடுபட்டுப் பிடித்துப் போட்ட கரப்பான்கள் தொட்டிக்குள் ஹாயாக உலாவின. ஒரு வாரம் பார்த்தார். இரண்டு வாரம் பார்த்தார். அன்று சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டதும் நேராக மீன் கடைக்குப் போனார்.

"பாட்சா, அது ஒண்ணும் திங்க மாட்டேங்கு. என் கையால சாவ வேண்டாம். சிவகிரி மலையடில கொண்டு விட்டுரலாம்னு பாக்கேன்."

மீன் அள்ளிக்கொண்டிருந்த மைதீன் பாட்சா நிமிர்ந்தார்.

"பசிச்சாத்தான சார் திங்கும்? அக்காதான் வாரா வாரம் இங்கன வந்து உயிர்ப்புழு வாங்கிட்டுப் போறாவளே" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"எந்த அக்கா?"

"ஒங்க வீட்டு அக்காதான்."

மகாராஜன் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"அவளுக்குத் தெரியுமா? ஏம்ப்பா, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா?"

"எப்படி சார் சொல்ல? 'செடித் தொட்டிக்குள்ள தேளு ஒண்ணு தானா வந்து குடியேறிட்டு, எங்க வீட்டுக்காரரு பயந்த மனுசன், தெரிஞ்சா அடிச்சிப் போட்டுருவாவ, சொல்லிராதப்பா'ன்னு அவிய சத்தியம்லா வாங்கியிருக்காவ!"