கத்தி மூடினால்தான் பந்தி முடியும்

இந்த வீட்டில் இனி என் கொடிதான் பறக்கும்! போன ஞாயிற்றுக்கிழமை அப்பா, தாத்தாவின் மடக்குக் கத்தியை என் உள்ளங்கையில் வைத்தபோது நான் எடுத்த முடிவு அது.

கத்தியா அது! மாட்டுக்கொம்புப் பிடி. மூன்று தலைமுறைக் கைகள் தேய்த்துத் தேய்த்துத் தேன் நிறத்துக்கு வந்துவிட்ட கொம்பு. முதுகில் குட்டியாக ஓர் உலோகத் தேனீ. விரித்தால் ‘க்ளிக்’. மடக்கினால் ‘டக்’. அந்த ‘டக்’கில்தான் ராஜாங்கமே இருக்கிறது. எங்கள் ஓப்ராக் மலைமேட்டு ஊர்களில் குடும்பத் தலைவர் கத்தியை மடக்கினால் சாப்பாடு முடிந்தது என்று அர்த்தம். வாயில் பாதி, தட்டில் பாதி என்றாலும் எழுந்துவிட வேண்டும்.

அப்பா சும்மா கொடுத்துவிடவில்லை.

“டேய் பாப்திஸ்த், திறந்தவன்தான் மூடணும். மூடாம மேசையை விட்டு எழுந்தேன்னு வை, கத்தி உன் தம்பிக்குப் போயிடும்.”

“அவனுக்கா? வெண்ணெயையே ரம்பத்தால அறுக்கறவனாச்சேப்பா!”

அந்த வாரம் முழுக்க என் ஆட்சி. எனக்கு வயிறு நிறைந்ததும் ‘டக்’.

“ஏங்க, குழந்தைக்குப் பால் குடுத்துட்டு இப்பத்தான் உட்கார்ந்தேன். ஒரு வாய்கூட வைக்கல.”

“டக்குன்னா டக்குதான், ஒடீல். வழக்கத்தை மாத்த நாம யாரு?”

ஒடீல் என் மனைவி. கன்னியர் மடத்துப் பள்ளியில் படித்தவள். எதிர்த்து ஒரு வார்த்தை பேசமாட்டாள். எங்கள் குழந்தை லூசி பிறந்ததிலிருந்து எல்லாவற்றுக்கும் பயம் வேறு. காற்றடித்தால் பயம். குழந்தை தும்மினால் பயம். தும்மாவிட்டால் அதைவிடப் பயம். என் பைப்பக்கம் குழந்தையின் கை போனால் போதும், “ஐயோ, கத்தி!” என்று வீடே அதிரும். இவளை ஆள்வதற்கு ஒரு ‘டக்’கே அதிகம் என்று நினைத்தேன்.

இன்றைக்கு மாடுகள் கோடை மேய்ச்சலுக்கு மலையேறும் திருநாள். கொம்பில் பூ, கழுத்தில் மணி. அது மாடுகளுக்கு. எங்களுக்குத் திருநாள் மூன்று மணிக்குத்தான்! கோயில் மணி அடித்ததும் பழங்கத்திக்காரர்கள் எல்லாம் சதுக்கத்து மேசையில் கத்திகளைப் பரப்புவார்கள். ஊரே சுற்றி நின்று ‘ஆகா’ போடும். லாடக்காரன் மெதார் வருடாவருடம் தன் கத்தியைக் காட்டி மீசையை முறுக்குகிறான். அந்த மீசை இன்று தொங்க வேண்டும்! சாப்பிட்டோமா, மடக்கினோமா, ஓடினோமா என்று திட்டம்.

நாலு வாய் விழுங்கியிருப்பேன்.

“ஏங்க, கத்தியைக் கொஞ்சம் குடுங்களேன். பாலாடைக்கட்டி நறுக்கணும்.”

“பயமா இல்ல?”

“உங்ககிட்ட இருந்தாத்தான் பயம். என் கையில இருந்தா என்ன பயம்?”

பெருமையாக நீட்டினேன். திறந்தபடியே. லூசியை என் மடியில் வைத்துவிட்டு வாங்கிக்கொண்டாள். ஒரு துண்டு நறுக்கினாள். மென்றாள். மென்றுகொண்டே இருந்தாள். அப்புறம் அலிகோ. மசித்த உருளைக்கிழங்கில் பாலாடைக்கட்டி உருகிக் கிடக்கும். கரண்டியைத் தூக்கினால் நூல் கூரைவரை போகும். ஒவ்வொரு நூலையும் நலம் விசாரித்துவிட்டுத்தான் உள்ளே அனுப்பினாள்.

வெளியே மாட்டு மணிகள் கணகணத்தன.

“ஒடீல், கத்தி...”

“சாப்பிட்டுட்டிருக்கேங்க. இரவல் குடுத்ததைப் பாதியில பிடுங்கறது பாவம்னு சிஸ்டர் சொல்லுவாங்க.”

“சரி, நீயே மூடிடு!”

“ஐயையோ, திறந்தவங்கதானே மூடணும்? இல்லையா மாமா?”

“அதானேம்மா,” என்றார் எதிரே சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்பா.

“நான் எழுந்து போறேன்!”

“தாராளமா போ. உன் தம்பிக்கு ஆள் அனுப்பறேன்,” என்றவர், இன்னொரு கரண்டி அலிகோவுக்குத் தட்டை நீட்டினார்.

லூசி என் மடியை நனைத்தாள். புதுக் கால்சட்டை. எழ வழியில்லை. கோயில் மணி அடித்தது. ஒவ்வோர் அடியும் என் மண்டையில் விழுந்தது.

“அம்மா தாயே! உனக்கு என்னதான் வேணும்?”

கரண்டியை நக்கியபடி யோசித்தாள்.

“குழந்தை உங்க மடியில இருக்கறப்ப கத்தி உங்க பையில இருக்கக் கூடாது. நான் கரண்டியைக் கீழ வைக்காம அதை மூடவும் கூடாது. அவ்வளவுதான்.”

“சம்மதம்! மாதா மேல ஆணை! அப்பா சாட்சி!”

லூசியை வாங்கி அப்பாவிடம் கொடுத்தாள். கத்தியைத் துடைத்து, வாங்கினபடியே, திறந்தே நீட்டினாள். அப்பப்பா! தேனீ என் கட்டைவிரலுக்கடியில் படபடத்தது. இதோ மடக்கப் போகிறேன். மெதார், வருகிறேன்டா!

“கொஞ்சம் இருங்க,” என்று பின்னாலிருந்த அலமாரிக்குக் கை நீட்டினாள். ஆப்பிள் கேக். வண்டிச் சக்கரம் அளவுக்கு.

சதுக்கத்திலிருந்து ‘ஆகா’ கேட்கிறது. தாத்தாவின் கத்தியால் நான் கேக் நறுக்கிக்கொண்டிருக்கிறேன், ஒடீல் கரண்டியைப் பிடித்தபடி, “இன்னும் கொஞ்சம் மெல்லிசா நறுக்குங்க, அவசரமே இல்ல” என்கிறாள்.