பெரிய அதிகாரியின் முப்பது சதவீதம்

குடிநீர்க் குழாய் அலுவலகத்தில் எல்லாம் பதவிப்படிதான் நடக்கும். நாற்காலியின் உயரம், மேஜையின் அகலம், மின்விசிறியின் வேகம், எதிலும் கீழே இருப்பவர் மேலே இருப்பவரை மிஞ்சக் கூடாது. அப்படிப்பட்ட இடத்தில்தான் கழுத்தை ஸ்கேன் எடுத்துக்கொள்ளும் மோகம் வந்து சேர்ந்தது.

மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் எவ்வளவு கொழுப்பு படிந்திருக்கிறது, அது வெடித்துப் பக்கவாதத்தில் கொண்டுபோய் விடுமா என்று அந்தப் படம் காட்டிவிடும். நல்ல காரியம்தான். ஆனால் நம் ஆட்கள் அதைப் பிள்ளையின் மதிப்பெண் மாதிரி கைபேசியில் வைத்துக்கொண்டு காட்டித் திரிந்தார்கள். பெரிய அதிகாரிக்கு முப்பது சதவீத அடைப்பு. துணை அதிகாரிக்கு அறுபது.

பெரிய அதிகாரிக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. மனைவியையும் அழைத்துக்கொண்டு, இருவருக்கும் ஸ்கேன் பார்த்த டாக்டரிடம் போனார்.

"சார், அளவைப் பாக்காதீங்க" என்றார் டாக்டர். "அவரோடது காஞ்சு கல்லாயிடுச்சு. இப்போதைக்குக் கிடந்த இடத்துலயே கிடக்கும். உங்களோடது கொழகொழன்னு இருக்கு, மேல மூடியிருக்கிறதும் மெல்லிசு. அது கிழிஞ்சா ரத்தம் கட்டி நேரா மூளைக்குப் போயிடும். இன்னிக்கே மாத்திரையை ஆரம்பிச்சிடுங்க."

"அதெல்லாம் இருக்கட்டும். அவருக்கு அறுபது வர்றதுக்கு யார் அனுமதி கொடுத்தது?"

டாக்டர் மாத்திரைச் சீட்டை எழுதி மனைவியிடம் நீட்டினார்.

மறுநாளே விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. தலைவர், துணை அதிகாரிதான். முடிவு வரும்வரை மாத்திரை வீட்டு மேஜை டிராயரில் ஓய்வெடுத்தது.

"என்னங்க, ஒண்ணே ஒண்ணு போட்டுக்குங்க" என்று தினமும் மனைவி தண்ணீர் டம்ளரோடு நிற்பார்.

"கோப்பு நிலுவையில இருக்கு. இப்போ போட்டா முப்பதை நானே ஒப்புக்கிட்ட மாதிரி ஆயிடும்."

அந்த அம்மாளுக்கு உண்மையிலேயே பயம். கணவரின் குறட்டை கொஞ்சம் நின்றாலும் விலாவில் குத்தி எழுப்பிப் பார்ப்பார்.

குழுவும் காலம் தாழ்த்தாமல் தீர்மானம் போட்டது. 'பதவியின் கண்ணியத்தையும் அப்பழுக்கற்ற நீண்ட சேவையையும் கருத்தில் கொண்டு, மேற்படி முப்பது சதவீதம் எழுபதாக உயர்த்தப்படுகிறது. இது முன்தேதியிட்டு அமலுக்கு வரும்.' பெரிய அதிகாரி அதில் கையெழுத்துப் போட்டு, வீட்டுக்குக் கொண்டுவந்து மனைவிக்குப் படித்தும் காட்டினார்.

அந்த அம்மாள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, கைபேசியோடு உள்ளே போய்த் திரும்பி வந்தார்.

"டாக்டர்கிட்ட சொல்லிட்டேங்க. எழுபதுன்னா மாத்திரை மட்டும் பத்தாதாம். கழுத்தைத் திறந்து சுரண்டி எடுக்கணுமாம். காலைல வெறும் வயித்தோட வரச் சொன்னாரு."

"ஏய், அது சும்மா காகிதத்துல ஏத்தினது."

"முத்திரை இருக்கே."

"அவனுங்களா ஏத்தினதுடி."

"உங்க கையெழுத்தும் இருக்கே."

பெரிய அதிகாரி கழுத்தைத் தடவிப் பார்த்தார். பத்திரமாக இருந்தது.

"அந்த மாத்திரையை எங்க வச்சேன்?"

அது ஏற்கெனவே மனைவியின் உள்ளங்கையில் இருந்தது. கணவர் விழுங்குவதைப் பார்த்ததும் அந்த அம்மாளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. டாக்டருக்கு மனைவி போன் போடவே இல்லை என்பது வேறு விஷயம்.

மறுநாள் காலை முதல் வேலையாகத் தீர்மானம் ரத்தானது. பழைய முப்பதே தொடரும் என்று உத்தரவு. மை காய்வதற்குள் துணை அதிகாரி பாதி வளைந்தபடி உள்ளே வந்தார்.

"சார் முப்பதுல இருக்கும்போது நான் அறுபதுல இருக்கிறது மரியாதையா இல்ல. எனக்கு இருபத்தஞ்சாக் குறைச்சுக் குடுத்துடுங்க."

"அதெப்படிய்யா குறைக்கறது? உடம்புல இருக்கிற சமாச்சாரம்."

"நேத்துதானே ஏத்தினோம் சார்."

பெரிய அதிகாரி பேனாவைத் திறந்தார். கையெழுத்துப் போட்டார். துணை அதிகாரிக்குப் பின்னால் கண்காணிப்பாளர், அவருக்குப் பின்னால் குமாஸ்தாக்கள் என்று வரிசை படிக்கட்டு வரை நீண்டிருந்தது.

தெருக்குழாயில் தண்ணீர் வரவில்லை என்று மனுவோடு வந்த பொதுமக்களும் கடைசியில் போய் நின்றுகொண்டார்கள். முதலில் நிற்க வேண்டும், எதற்கென்று பிறகு கேட்டுக்கொள்ளலாம் என்பது அவர்களுக்கு நன்றாகப் பழகியிருந்தது. சாயங்காலத்துக்குள் ஆளுக்குப் பத்து சதவீதம் முத்திரையோடு வழங்கப்பட்டது. தண்ணீர் வருமா என்று யாரும் கேட்கவில்லை. வெறுங்கையோடு திரும்பவில்லை என்ற சந்தோஷத்தில் எல்லாரும் வீடு போய்ச் சேர்ந்தார்கள்.