இமீடியட்லியா, ப்ராம்ப்ட்லியா?

இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவில் லிஃப்ட் நின்றபோது மணி மூன்று. உள்ளே மேனேஜர். ஐந்து மணிக்கு அவர் ஓய்வு பெறுகிறார். அதற்குள் அவர் கையெழுத்துப் போட்டால்தான், ஒன்பது வருஷமாக இழுத்தடித்த பதவி உயர்வு தலைமை எழுத்தருக்குக் கிடைக்கும்.

தலைமை எழுத்தர் இரண்டாவது மாடிக் கதவைக் கொஞ்சம் விலக்கிப் பார்த்தார். தலைக்கு மேலே ஒரு சாண் இடுக்கில் மேனேஜரின் ஷூ மட்டும் தெரிந்தது. கூடவே ஒரு கை, அதில் சிவப்புப் பேனா.

"லிஃப்ட் கம்பெனிக்கு ஒரு லெட்டர் போடுங்க. உங்க இங்கிலீஷ் லட்சணத்தைப் பார்த்துட்டுத்தான் உங்க ப்ரமோஷன் ஃபைல்ல கையெழுத்து."

"ஒரு ஃபோன் பண்ணா போதுமே சார்?" என்றாள் பக்கத்தில் நின்ற டைப்பிஸ்ட்.

"சும்மா இரும்மா. ஃபோனுக்கு நகல் எடுத்து ஃபைல்ல வைக்க முடியுமா?" என்றார் தலைமை எழுத்தர்.

ஆங்கிலத்தில் தன்னை அடிக்க ஆளில்லை என்பது அவர் நினைப்பு. அலுவலகத்தில் அவருக்கு 'அகராதி' என்றே பெயர். ஒரே வரியில் முடித்தார்: ஆளை 'இமீடியட்லி' அனுப்பவும்.

கை வாங்கிக்கொண்டது. வார்த்தை சிவப்பாகத் திரும்பி வந்தது.

"இமீடியட்லியா? அவன் என்ன நம்ம வேலைக்காரனா?"

டைப் செய்யும் அறை ஐந்தாவது மாடியில். லிஃப்ட்தான் இல்லையே, டைப்பிஸ்டையும் கூட்டிக்கொண்டு படியேறி ஓடினார். 'ப்ராம்ப்ட்லி' என்று மாற்றிக்கொண்டு இறங்கினார்.

"போன தடவை லேட்டா வந்தான்னு குத்திக்காட்டற மாதிரி இருக்கு."

'க்விக்லி.'

"அரைகுறையா பார்த்துட்டு ஓடிடுவான்."

'ஸ்பீடிலி.'

"குதிரையையா கூப்பிடறீங்க?"

டைப்பிஸ்டுக்குப் பொறுக்கவில்லை. "எல்லாத்துக்கும் ஒரே அர்த்தம்தானே சார்?"

"அர்த்தம் ஒண்ணுதாம்மா. மரியாதைதான் வேற வேற," என்றார், மூச்சு வாங்க. சட்டை நனைந்து முதுகோடு ஒட்டிவிட்டது. இன்னும் ஒரு மாடி ஏறினால் பதவி உயர்வு குடும்ப ஓய்வூதியமாக மாறிவிடும் போலிருந்தது.

ஏழாவது முறை கை கொஞ்சம் யோசித்தது.

"முதல்ல எழுதினதே தேவலை. இமீடியட்லினே போடுங்க."

மணி நாலு ஐம்பத்தெட்டு. டைப்பிஸ்ட் முதல் கடிதத்தின் நகலைக் கையிலேயே வைத்திருந்தாள், பிழைத்தார். கை கையெழுத்திட்டது, ஆனால் கடிதத்தைத் திருப்பித் தரவில்லை.

"சார், அப்படியே என் ஃபைலும்..."

"லிஃப்ட்ல நின்னுக்கிட்டு போட்ட கையெழுத்து செல்லுமா? சீட்ல உட்கார்ந்து போடறேன்."

உள்ளே ஏதோ கடகடத்தது. லிஃப்ட் மெல்ல இறங்கி, கதவு திறந்தது. சுவர்க் கடிகாரம் ஐந்து அடித்தது. மேனேஜர் பேனாவை மூடிப் பையில் செருகினார்.

"அடடா. இனிமே எனக்கு அதிகாரம் இல்லையே. நாளைக்கு வர்ற புது மேனேஜரைக் கேளுங்க. நல்ல இங்கிலீஷ் உங்களுக்கு."

அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து, நீலச் சட்டை போட்ட லிஃப்ட் மெக்கானிக் ஸ்க்ரூ டிரைவரோடு வெளியே வந்தான்.

தலைமை எழுத்தர் அவன் வழியை மறித்தார். "நீ எப்படிய்யா வந்தே? லெட்டரையே இன்னும் அனுப்பலையே!"

"மூணு மணியிலேர்ந்து உள்ளதாங்க நிக்கறேன். ரெண்டு நிமிஷ வேலை. சார்தான், லெட்டர் கைக்கு வராம ஸ்க்ரூவைத் தொடக் கூடாதுன்னுட்டாரு."