தலைமை நிபுணரின் கைப்பிழை

மனிதகுலம் இதுவரை செய்த சாதனைகளில் மகத்தானது, தண்ணீரை மடக்கிப் பிடித்து 'நீ எந்த ஊர்?' என்று கேட்கத் தெரிந்துகொண்டதுதான். அந்தக் கலையில் எண்ணெய் வயலின் நிலத்தடி நீர் நிபுணருக்கு நிகர் அவரே. அலுவலகத்தில் அவருக்கு 'ஐசோடோப்பு' என்று பெயர். ஐசோடோப்பு என்றால் வேறொன்றுமில்லை, ஒரே தனிமத்தின் கொஞ்சம் எடை கூடிய பங்காளி. நிபுணருக்கும் தொப்பை இருந்ததால் பெயர் சட்டென்று ஒட்டிக்கொண்டது. அவரே கண்ணாடி முன் நின்றால் அது பொருத்தமான பெயர் என்றுதான் சொல்லிக்கொள்வார்.

எண்ணெயை மேலே தள்ளுவதற்காகப் பூமிக்குள் உப்புத் தண்ணீரை இறக்குவார்கள். அதில் இயற்கையில் எங்குமே கிடைக்காத ஒரு ரசாயனத்தைக் கொஞ்சம் கலந்துவிடுவார்கள். இதுதான் 'தடங்காட்டி'. அது எந்தக் கிணற்றில் தலைகாட்டுகிறதோ, அங்கே இந்தத் தண்ணீர் போய்ச் சேர்ந்துவிட்டதென்று அர்த்தம். ஒரு குளத்தில் ஒரு சிட்டிகை விழுந்தாலும் கருவி கண்டுபிடித்துவிடும். அதனால் இந்தத் தொழிலில் ஒரே ஒரு வேதவாக்கு: தடங்காட்டியை ஊற்றிய கை, சோதனைக்கான மாதிரியை எடுக்கக் கூடாது. ஐசோடோப்பு இதில் நெருப்பு. ஊற்றும் நாளில் வயல் பக்கமே எட்டிப்பார்க்க மாட்டார். ஊற்றியவர்கள் கைகுலுக்க வந்தால் தூரத்திலிருந்தே ஒரு கும்பிடு போட்டுவிட்டு நழுவிவிடுவார்.

வயலை ஒட்டிய தெருவில்தான் அவருடைய அக்கா குடியிருந்தாள். ஒருநாள் போனில் பிடித்துக்கொண்டாள்.

"டேய் தம்பி, எங்க தெருக் கிணத்துத் தண்ணி கரிக்குதுடா. டீயில எவ்வளவு சர்க்கரை போட்டாலும் உப்புதான் தெரியுது. என் சின்னவளுக்கு வயித்துவலி விடவே மாட்டேங்குது. உங்க தண்ணியான்னு பாரு."

"எங்க தண்ணி கண்ட எடத்துக்கெல்லாம் போகாதுக்கா. ரொம்பக் கட்டுப்பாடா வளத்திருக்கோம்."

ஆனாலும் வந்தார். கையுறை மாட்டிக்கொண்டு அக்காவின் கண்ணெதிரிலேயே மாதிரி எடுத்து, ஆய்வகத்தில் கொடுத்தார்.

தடங்காட்டி இருந்தது. உப்பும் அச்சு அசல் வயலின் உப்பு. ஆக்சிஜனின் கனத்த பங்காளி, வயலின் ஆழத்தில் இருக்கும் அதே விகிதத்தில் வந்து சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தது. மழை ஊறிய கிணற்றில் அப்படி இருக்க வழியே இல்லை. ஐசோடோப்பு முடிவை இரண்டு முறை படித்துப் பார்த்தார். அவர் சம்பளம் வாங்கும் தண்ணீரைத்தான் அக்கா மகள் குடித்துக்கொண்டிருந்தாள்.

'உயர்மட்ட அவசரக் கூட்டம்' கூடியது. 'ஆம், வயல் தண்ணீர்தான்' என்று அறிக்கை போனால் தண்ணீர் இறக்குவதை நிறுத்திவிட்டு, தெருவுக்கு லாரியில் நல்ல தண்ணீர் கொடுக்க வேண்டும். 'இல்லை' என்றால் எதுவுமே செய்ய வேண்டாம். நிர்வாகம் எப்போதுமே எளிமையை விரும்புவது.

"சார், உங்க கை பட்டிருக்குமோ?" என்று பரிவோடு கேட்டார் மேலாளர்.

"நான் ஊத்தற பக்கமே போகல சார்."

"போகலைன்னாலும் பட்டிருக்கலாமில்ல? நிதானமா யோசிச்சுப் பாருங்க."

"சரி, தடங்காட்டி என் கையிலேருந்து வந்ததுன்னே வச்சுக்குவோம். உப்பு?"

கம்பெனி வக்கீல் தொண்டையைக் கனைத்தார். "வேர்வை. கடுமையா உழைக்கிறவராச்சே நீங்க."

"ஒரு கிணறே கரிக்கிற அளவுக்கா?"

"உங்க அடக்கம் எங்களுக்குத் தெரியாதா சார்?"

"கனத்த ஆக்சிஜன்?"

மேலாளர் அவருடைய தொப்பையை ஒரு பார்வை பார்த்தார். "நீங்களும் லேசான ஆள் இல்லையே."

இந்த விளக்கம் 'அறிவியல்பூர்வமாக' ஏற்கப்பட்டது. மேசைமேல் ஐசோடோப்பைத் தலைமை நிபுணராக்கும் ஆணை, மேலாளரின் கையெழுத்து ஒன்றுக்காக மட்டும் காத்திருந்தது. மேலாளர் பேனாவைத் திறந்தார், யோசித்தார், மூடினார். ஐசோடோப்புக்குத் தன்மேல் சிரிப்பு வந்தது. பூமிக்கடியில் ஓடும் தண்ணீர் எந்தப் பக்கம் சாயும் என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவருக்கு, தான் எந்தப் பக்கம் சாயப்போகிறோம் என்பது அப்போதே தெரிந்துவிட்டது. 'மாதிரி எடுத்தவரின் கைப்பிழை. தெருக் கிணற்றில் குறையேதும் இல்லை' என்று தம் திருக்கரத்தாலேயே எழுதிக் கொடுத்தார். எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். தன் பிழையைத் தானே ஒப்புக்கொள்ளும் பெருந்தன்மை இந்தக் காலத்தில் யாருக்கு வரும்?

சாயங்காலம் தலைமை நிபுணர் அக்கா வீட்டுக்குப் போனார். சின்னவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்திருந்தாள்.

"என்னடா, உங்க தண்ணிதானா?"

"அது வந்துக்கா... மாதிரில என் கை பட்டிருச்சு. என் தப்புதான். எழுதிக் குடுத்துட்டேன்."

"கையுறை போட்டுத்தானடா எடுத்த? நான் பக்கத்துலதான நின்னேன்?"

அக்கா, மகளின் போர்வையை இழுத்துவிட்டுத் திரும்பினாள். குரலை உயர்த்தவில்லை.

"சின்ன வயசுலேருந்து நீ செஞ்ச தப்பு ஒண்ணையாவது ஒத்துக்கிட்டிருக்கியாடா? பால் கொட்டினா பூனை, கண்ணாடி உடைஞ்சா நான். இன்னைக்குத்தான் மொத மொதல்ல ஒண்ண ஒத்துக்கிட்டு வந்து நிக்கிற, அதுவும் நீ செய்யாத தப்ப. அத எழுதிக் குடுத்து இன்னைக்கு நெஜமாவே ஒண்ணு செஞ்சிட்டு வந்திருக்கியே, அத எப்படா ஒத்துக்கப் போற?"