மாமனாருக்கு ஒரு கேப்ஸ்யூல் காபி

எதிரே இருப்பவர் சொல்வது புரியவில்லை என்றால் "என்ன சொல்றீங்க?" என்று கேட்டுவிடுகிறவர்கள் பாக்கியவான்கள். அவர்கள் வீட்டில் தேவையில்லாத பொருள் எதுவும் இருக்காது. நான் அந்த ஜாதி இல்லை. புரியாவிட்டால் தலையாட்டிவிடுவேன். எவ்வளவு புரியவில்லையோ அவ்வளவு பலமாக ஆட்டுவேன். மும்பையில் வளர்ந்தவனுக்கு இது சின்ன வயதிலேயே ஒட்டிக்கொள்கிற வியாதி. வீட்டில் திருநெல்வேலித் தமிழ், தெருவில் இந்தி, பஸ் கண்டக்டரிடம் மராத்தி, ஆபீஸில் ஆங்கிலம். எந்த மொழியிலும் முழுசாக நிற்காதவனுக்குத் தலைதான் துணை.

அந்தத் தலையாட்டல் என் கல்யாணத்தையே கவிழ்க்கப் பார்த்த கதை இது.

காயத்ரியும் நானும் ஒரே ஆபீஸ். அவள் மாட்டுங்கா. பாலக்காட்டிலிருந்து என்றைக்கோ வந்து, மாட்டுங்காவை விட்டு நகராத குடும்பம். நாங்கள் தாராவி. அப்பாவுக்கு அங்கே தோல் பட்டறை. பெல்ட், பர்ஸ், கைப்பை எல்லாம் தைத்துக் கடைகளுக்குக் கொடுப்பார். எனக்கு வேலை கிடைத்த பிறகு செம்பூர்ப் பக்கம் திலக் நகருக்குக் குடிவந்தோம். இந்த வித்தியாசத்தையெல்லாம் காயத்ரியின் அப்பா எப்படியோ ஜீரணித்துக்கொண்டார். "ஒரு ஞாயித்துக்கிழமை வந்து பையன் வீட்டைப் பாத்துட்டுச் சொல்றேன்" என்று மட்டும் சொல்லியிருந்தார்.

"எங்கப்பா எதுவும் கேக்கமாட்டார்" என்றாள் காயத்ரி. "வருவார், உட்காருவார், காபி குடிப்பார், கிளம்பிடுவார். வீட்டுக்கு வந்தப்புறம்தான் தீர்ப்பு."

"காபியா?"

"அதான் பரீட்சையே. எங்கக்காவுக்கு வந்த முதல் வரனை, அவங்க வீட்டுல இன்ஸ்டன்ட் காபி குடுத்தான்னு வேண்டாம்னுட்டார். நீ ஒண்ணும் நடிக்காதே. உங்க வீட்டுல என்ன குடிப்பேளோ அதைக் குடு. டீயே குடு."

நான் தலையாட்டினேன். (போனில். போனில் பேசும்போதும் ஆட்டுவேன்.)

எங்கள் வீட்டில் டீதான். அதுவும் கீழே கட்டிங் சாய் என்று அரை கிளாஸ் டீ விற்கும் தட்டுக்கடையிலிருந்து வருவதுதான் பாதி. காபி என்பது எங்களுக்குக் கல்யாண வீட்டில் கிடைக்கும் ஒரு பானம். அம்மா இருந்திருந்தாலாவது ஏதாவது செய்திருப்பாள். அக்காவின் பிரசவத்துக்குத் தூத்துக்குடி போயிருந்தாள். வீட்டில் அப்பாவும் நானும் மட்டும். மாட்டுங்காவில் காபிப்பொடி அரைத்து வாங்கி, பில்டரில் போட்டு, மாட்டுங்காக்காரருக்கே கொடுப்பது தற்கொலை. அப்போதுதான் எனக்கு அந்த மேதைத்தனமான யோசனை வந்தது. மிஷின் வாங்கிவிட்டால்? ஒரு கேப்ஸ்யூலைப் போட்டு பட்டனை அமுக்கினால் காபி வரும். நன்றாக இருந்தால் எனக்குப் பெருமை. நன்றாக இல்லாவிட்டால் கம்பெனியின் குற்றம்.

வாஷியில் ஒரு பெரிய கடைக்குப் போனேன். ஒரு சுவர் முழுக்கக் காபி மிஷின்கள். எல்லாமே கறுப்பாக, பளபளவென்று, எதற்கோ கோபித்துக்கொண்டிருந்தன. கழுத்தில் அடையாள அட்டை தொங்கவிட்ட விற்பனையாளர் வந்து இந்தியும் ஆங்கிலமும் கலந்து பொழிந்தார். இது பதினைந்து பார், அது பத்தொன்பது பார் என்றார். தலையாட்டினேன். இது ஓபன் சிஸ்டம், எந்தக் கம்பெனி கேப்ஸ்யூலும் போகும்; அது க்ளோஸ்ட் சிஸ்டம், அவர்களுடையது மட்டும்தான் போகும் என்றார். இதற்கும் ஆட்டினேன். எஸ்ப்ரெஸ்ஸோ வேண்டுமா, லுங்கோ வேண்டுமா என்று கேட்டார். கேள்விக்குத் தலையாட்டினால் என்ன அர்த்தம் என்று அவர் சிறிது நேரம் யோசித்தார். பிறகு பெரிய மனது பண்ணி, எனக்காக அவரே ஒரு பதிலைத் தேர்ந்தெடுத்துக்கொண்டார்.

ஒரே ஒரு கேள்வி மட்டும் தைரியமாகக் கேட்டேன். "பில்டர் காபி ஆயேகா?"

"சப் ஆயேகா சார்" என்றார். எல்லாம் வருமாம். அந்த நம்பிக்கை எனக்கு என் மேல் எப்போதும் வந்ததில்லை.

அடுத்து கேப்ஸ்யூல். கலர் கலராக அடுக்கியிருந்தது. ஒவ்வொன்றின் மேலும் ஒரு எண். நாலு, ஏழு, ஒன்பது. அது காபியின் காட்டம் என்று இப்போது தெரியும். அன்றைக்கு அது மார்க் என்று நினைத்தேன். மார்க் குறைந்ததை மாமனாருக்குக் கொடுப்பதா? தங்க நிறத்தில் பன்னிரண்டு என்று போட்டிருந்ததை எடுத்தேன். பக்கத்தில் "டிகாஃப்" என்று ஒன்று. கேட்கவே கம்பீரமாக இருந்ததால் அதையும் எடுத்தேன். காபியிலிருந்து காபிக்குண்டானதை எடுத்துவிட்டு விற்கிறார்கள் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்கவே மாட்டேன்.

சனிக்கிழமை ஒத்திகை. அப்பா பட்டறைக்குக்கூடப் போகாமல் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். நான் தண்ணீர் ஊற்றி, கேப்ஸ்யூலைப் போட்டு, பட்டனை அமுக்கினேன். மிஷின் உறுமியது, நடுங்கியது, டம்ளரின் அடியில் கொஞ்சூண்டு கறுப்பாக எதையோ விட்டுவிட்டு நின்றுவிட்டது.

"ரிப்பேரா?" என்றார் அப்பா.

"இல்லப்பா. அவ்வளவுதான் வரும்போல."

"ஏலே, இது காபியா, இருமல் மருந்தா? இந்தச் சொட்டுக்கா மிஷின் வாங்குன?"

பாதியில் நின்றுவிட்டதாக நினைத்து இன்னொரு கேப்ஸ்யூல் போட்டேன். அதுவும் அதே அளவு. பாலைக் கொஞ்சம் ஊற்றினால் கசந்தது. நிறைய ஊற்றினால் பாலாக இருந்தது. சர்க்கரையை மாற்றி, பாலை மாற்றி, கலரை மாற்றி, தங்கத்தில் ஆரம்பித்து டிகாஃப் வரை போய் மறுபடியும் தங்கத்துக்கே வந்தோம். சாயங்காலம் எனக்கு நெஞ்சு படபடத்தது. அப்பா காலை ஆட்டிக்கொண்டே இருந்தார். எது நன்றாக இருந்தது என்று இருவருக்கும் தெரியவில்லை. ஆனால் டப்பாவில் கேப்ஸ்யூல்கள் இன்னும் நிறையத் தெரிந்தன. இவ்வளவு போட்டும் குறையவே இல்லையே என்று ஒரு கணம் தோன்றியது. மிஷின்காரன் தாராள மனசுக்காரன் என்று நினைத்துக்கொண்டேன். (நான் படித்தது பி.காம்.)

ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். காயத்ரி, அவள் அப்பா, அம்மா. அவள் அப்பா வெள்ளைச் சட்டையில், நெற்றியில் சின்னக் கீற்றோடு, எதையும் பார்க்காதவர் மாதிரி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். மிஷினை நான் ஹாலிலேயே, டிவிக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன். பூ வைக்காததுதான் பாக்கி. காயத்ரி அதைப் பார்த்ததும் கண்ணை மூடிக்கொண்டாள்.

தங்க நிறத்தில் ஒன்றை எடுத்துப் போட்டு அமுக்கினேன்.

"ஐயோ, என்ன சத்தம்? கீழ் வீட்டுல துளை போடறாளா?" என்றாள் அவள் அம்மா.

"இல்ல மாமி. காபி" என்றேன்.

டம்ளரில் விழுந்தது முந்தின நாள் மாதிரி கறுப்பாக இல்லை. வைக்கோல் நிறத்தில் இருந்தது. கண்ணால் பார்த்தேன், மூளைக்குப் போகவில்லை. ஒருவேளை பன்னிரண்டு மார்க் காபி இப்படித்தான் இருக்குமோ என்று பாலும் சர்க்கரையும் கலந்து, புது டவராவில் வைத்து, முதல் காபியை மரியாதையாக அவருக்கே நீட்டினேன்.

அவர் டம்ளரிலிருந்து டவராவுக்கு ஒரு ஆற்று ஆற்றினார். நிறத்தைப் பார்த்தார். ஒரு வாய் குடித்தார். வாயிலேயே வைத்திருந்தார். விழுங்கினார். பிறகு மிக மெதுவாக, வேறு யாருக்கும் கேட்கக்கூடாது என்பதுபோலக் கேட்டார்:

"ரெண்டாம் டிகாக்ஷனா?"

எனக்குப் புரியவில்லை. ஆகவே தலையாட்டினேன். பலமாக ஆட்டினேன். அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. "ஆமா மாமா, ரெண்டாம் டிகாக்ஷன்தான். உங்களுக்குன்னே ஸ்பெஷலா" என்றேன்.

மாட்டுங்கா வீடுகளின் சட்டம் எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. பில்டரில் முதலில் இறங்கும் கெட்டி டிகாக்ஷன் மதிக்க வேண்டியவர்களுக்கு. அதே பொடியில் மறுபடி வெந்நீர் ஊற்றி இறக்குவது ரெண்டாம் டிகாக்ஷன். அது வேண்டாத விருந்தாளிக்கு. சீக்கிரம் எழுந்து போகட்டும் என்று நினைக்கும் ஆளுக்கு. பெண்ணின் அப்பாவை முதன்முதலாக வீட்டுக்கு வரவழைத்து அதைக் கொடுத்ததும் இல்லாமல், அவருக்கென்றே ஸ்பெஷலாகக் கொடுத்ததாகவும் சொல்லியிருந்தேன்.

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். மாமி முந்தானையைச் சரிசெய்துகொண்டு எழுந்தாள். "ஏன்னா, கிளம்பலாமா? ட்ரெயின் கூட்டமாயிடும்." ஞாயிற்றுக்கிழமை மதியம் என்ன கூட்டம்! அவரும் எழுந்தார். காயத்ரி என்னைப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை.

புரியவில்லை என்றால் கேட்டுவிடுகிற ஜாதியில் ஒருவர் எங்கள் வீட்டிலும் இருந்தார்.

"என்ன சார், எந்திச்சிட்டிய? காபி சரியில்லையா?" என்று நேராகக் கேட்டார் அப்பா. பதிலுக்குக் காத்திராமல் மிஷினின் கீழ்த்தட்டை இழுத்து, உள்ளே விழுந்துகிடந்த கேப்ஸ்யூலை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "அட, கோட்டிப்பயலே! இது நேத்து போட்ட டப்பியில்லா! நான் காயவச்சு எடுத்து வச்சதுல்லா!"

"காயவெச்சேளா?" என்றார் காயத்ரியின் அப்பா.

அப்பா அவரைச் சமையலறை ஜன்னலுக்கு அழைத்துப்போனார். நானும் பின்னாலேயே போனேன். ஜன்னல் கம்பிக்கு வெளியே ஒரு தட்டில், சனிக்கிழமை நாங்கள் போட்டுத் தீர்த்த கேப்ஸ்யூல்கள், வடகம் மாதிரி வரிசையாக வெயில் காய்ந்துகொண்டிருந்தன. சீக்கிரம் காய்ந்தவற்றைத் துடைத்து, கிழிந்த பக்கம் கீழே இருக்கும்படி, அந்தந்தக் கலருக்குப் பக்கத்தில் டப்பாவிலேயே திரும்ப அடுக்கியிருக்கிறார். டப்பா குறையாத ரகசியம் அதுதான்.

"உள்ள தூளு அப்பிடியே கெடக்கு சார். ஒரு வாட்டி புழிஞ்சிட்டுத் தூரப் போடுங்கான். எனக்கு மனசு வரல. நான் பட்டறைல துண்டுத் தோலைக்கூடத் தூரப் போடமாட்டேன், சாவிக்கொத்து தச்சிருவேன். இவனுக்கு ஒண்ணுந் தெரியாது சார். நீங்க என்ன கேட்டியன்னும் தெரியாது. எதைக் கேட்டாலும் மண்டைய ஆட்டுவான், பொறந்ததுலருந்து அப்பிடித்தான்."

இப்படி ஒரு சிபாரிசு உலகத்தில் எந்த மாப்பிள்ளைக்கும் கிடைத்திருக்காது.

காயத்ரியின் அப்பா கேப்ஸ்யூல் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் என்ன ஓடியது என்று எனக்குப் புரியவில்லை. (அன்றைய தினத்தில் எனக்குப் புரிந்தது எது?) "ஏலே, நிக்காத. கீழ போயி எல்லாருக்கும் கட்டிங் வாங்கிட்டு வா" என்றார் அப்பா.

படியிறங்கும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. வாங்கிவந்தது காபி மிஷின் இல்லை, என் கல்யாணத்துக்கு நானே வைத்த கொள்ளி என்று தோன்றியது. டீயே குடு என்று அவள் அத்தனை தெளிவாகச் சொன்னாள். இப்போது டீதான் வாங்கப்போகிறேன், எல்லாம் கெட்டுப்போன பிறகு.

தட்டுக்கடை கண்ணாடி கிளாஸ்களோடு மேலே வந்தால், எல்லோரும் மறுபடி ஹாலில் உட்கார்ந்திருந்தார்கள். மாமி டீயைத் தொடவில்லை. காயத்ரியின் அப்பா எடுத்துக்கொண்டார். கிளாஸின் விளிம்பை இரண்டு விரலால் பிடித்து, ஒரு சுற்றுச் சுற்றி, ஆடையை ஊதி ஒதுக்கி, சர்ரென்று ஒரே இழுப்பு இழுத்தார். சுடும் கிளாஸை அப்படிப் பிடிக்க எங்கள் அப்பாவுக்கே வராது.

"பேஷ்" என்றார். "இஞ்சி மட்டும் இன்னும் கொஞ்சம் தூக்கலா இருக்கணும். தாதர் ஸ்டேஷன் வாசல்ல ஒருத்தன் போடுவான் பாருங்கோ..."

சட்டென்று நிறுத்திக்கொண்டார். லேட்.

"ஏன்னா" என்றாள் மாமி. குரல் ரொம்ப அமைதியாக இருந்தது. "நீங்க டீ குடிப்பேளா?"

"எப்பவாவது..."

"கல்யாணமான நாள்லேர்ந்து, டீ வாசனையே உங்களுக்கு ஒத்துக்காதுன்னு சொல்லிண்டிருக்கேளே?"

மாட்டுங்காவின் காபி நீதிபதி, கையில் கட்டிங் கிளாஸோடு, தப்பிக்க வழி தேடி அப்பாவைப் பார்த்தார், காயத்ரியைப் பார்த்தார், மிஷினைக்கூடப் பார்த்தார். கடைசியில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"ஆபீஸ்னு போனா நாலு பேரோட குடிக்கவேண்டி வந்துடறது. வேண்டாம்னா நன்னாவா இருக்கும்? என்ன மாப்பிள்ளை, நீங்களே சொல்லுங்கோ!"

மாப்பிள்ளை!

அந்தக் கேள்வி எனக்கு முழுசாகப் புரிந்தது. இருந்தும் தலையாட்டினேன். என் வாழ்க்கையில் சரியான இடத்தில் ஆட்டிய ஆட்டல் அது ஒன்றுதான். காயத்ரி சிரிக்க ஆரம்பித்தவள், கையிலிருந்த டீயைச் சிந்தும்வரை நிறுத்தவில்லை.

மிஷின் இன்னும் இருக்கிறது. கேப்ஸ்யூல் போடாமல் அப்பா அதில் தினமும் காலையில் வெந்நீர் பிடித்துக் குடிக்கிறார், தொண்டைக்கு நல்லதாம். அன்று போட்ட அந்தத் தங்கக் கேப்ஸ்யூலைக் கழுவி, துண்டுத் தோலில் கோத்து, சாவிக்கொத்தாகச் செய்து சம்பந்திக்குக் கொடுத்தார். கல்யாணம், காதுகுத்து என்று எங்கே போனாலும் யாராவது ஒருவர் "இது என்ன, தங்கமா?" என்று கேட்டுவிடுவார். மாமி முதலிலிருந்து ஆரம்பிப்பாள். என் தலையாட்டலை நடித்தே காட்டுவாள். தத்ரூபமாக இருக்கும்.

மாதத்தில் ஏதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை மாட்டுங்கா போவோம். மாமி பில்டரைத் திறந்ததும் தெருமுனை வரை மணக்கும். முதல் டிகாக்ஷன் காயத்ரிக்கும் என் அப்பாவுக்கும். அதற்கப்புறம் அதே பொடியில் வெந்நீரை ஊற்றி இறக்கி, மாமனாருக்கும் எனக்கும் கொண்டுவந்து வைப்பாள்.

"டீ குடிக்கிற வாய்க்கும், கேக்காம ஆட்டற தலைக்கும் இது போதும்" என்பாள்.

நாங்கள் இருவரும் அதைக் குடித்து முடிப்போம். டம்ளரைக் கீழே வைத்ததும் மாமனார் சட்டையை மாட்டிக்கொள்வார்.

"மாப்பிள்ளை, தாதர் ஸ்டேஷன் வரைக்கும் போய் வெத்தலை வாங்கணும். துணைக்கு வரேளா?"

அந்த வீட்டில் யாரும் வெற்றிலை போடுவதில்லை. நான் தலையாட்டிக்கொண்டே செருப்பைத் தேடுவேன்.