லைட்டண்ணன் எடுத்துப்போன சாட்சி

நான் பத்தாவதோடு நின்றவள். ரவிக்கை அளவுகளை நோட்டில் குறித்துக்கொள்வதுதான் எனக்குத் தெரிந்த எழுத்து. பேச்சும் அப்படித்தான். இறங்க வேண்டிய நிறுத்தம் வந்தாலும் கண்டக்டரிடம் சொல்லக் கூச்சப்பட்டு, அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்து வருகிறவள் நான். பத்திரிகையில் பெரியவர்கள் எழுதுகிற பக்கத்தில் நானும் எழுத வந்ததற்கு முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். மூன்று மாதமாக ஒரு விஷயம் உள்ளே கிடக்கிறது. வாயால் சொல்ல வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்காமல் லைட்டண்ணன் நம்பிய பொருள் இந்த உலகத்திலேயே கிடையாது.

எருமப்பட்டியில் என் தையல் கடையும் வீடும் ஒன்றுதான். ஒட்டினாற்போல் அவருடைய முட்டைக் கடை. அதற்கு முன்னால் முப்பது வருஷம் கோழிப்பண்ணையில் வேலை. இருட்டு அறையில் ஒரு பல்பு. அதன் முன்னால் முட்டையைப் பிடித்து உள்ளே ரத்தப்புள்ளி இருக்கிறதா, ஓடு கீறியிருக்கிறதா என்று பார்த்துப் பிரிக்கிற வேலை. முப்பது வருஷத்தில் ஒரு கெட்ட முட்டைகூடத் தன் கையைத் தாண்டிப் போனதில்லை என்பார். வேலையை விட்டு வந்தார். பழக்கத்தை விட்டு வரவில்லை. ரூபாய் நோட்டைத் தூக்கிப் பார்ப்பார், சரி. மாத்திரையைத் தூக்கிப் பார்ப்பார். இட்லியைத் தூக்கிப் பார்ப்பார். கல்யாணப் பத்திரிகை கொடுக்க வந்தவர்கள் முன்னாலேயே பத்திரிகையை ட்யூப்லைட்டுக்கு நேராகப் பிடித்துவிட்டு, "நல்ல காயிதமுங்க, வந்துருவோம்" என்பார். அவர் மதித்த ஒரே டாக்டர் எலும்பு டாக்டர். எக்ஸ்ரே படத்தை லைட்டில் மாட்டிப் பார்த்தாராம். "அந்தாளுக்குத் தொழில் தெரியுமுங்க" என்று ஊரெல்லாம் சொல்லி, கால் வலிக்காதவர்களைக்கூட அங்கே அனுப்பி வைத்தார்.

அவர் வீட்டு அக்காவுக்கு நான் முதல் ரவிக்கை தைத்துக் கொடுத்தபோது, நடுத்தெருவில் நின்று அதை வெயிலுக்கு நேராக விரித்துப் பிடித்துத் தையலைப் பார்த்தார். எனக்கு மிஷினுக்கு அடியில் புகுந்துகொள்ளலாம் போல இருந்தது. பார்த்து முடித்து, "பாஸ்" என்றார். மறுநாளிலிருந்து தினமும் காலை ஆறு மணிக்கு, கீறல் விழுந்து விற்பனைக்கு ஆகாத முட்டைகள் பத்து, கிழிந்த அட்டையில் என் வாசலுக்கு வந்துவிடும். கதவை ஒரு தட்டு. நான் வருவதற்குள் போய்விடுவார். எட்டு வருஷம். அவர் மகள் கல்யாணத்தன்று காலையிலும் வந்தது.

அந்த மகளைக் கொடுத்தது சேலம் அம்மாபேட்டையில். மாப்பிள்ளை போட்டோவைக் காலையில் ஒரு தரம், மாலையில் ஒரு தரம் வெயிலில் பிடித்துப் பார்த்துத்தான் சம்மதம் சொன்னார். அவ்வளவு பார்த்தும் அந்த வீட்டில் முட்டையே தொடமாட்டார்கள் என்பது மட்டும் தெரியாமல் போயிற்று. முட்டைக்காரர் மகள் இப்போது முட்டை வாசம் படாத வீட்டின் மருமகள்.

பேரனுக்கு முதல் பிறந்தநாள், ஒரு ஞாயிற்றுக்கிழமை, இங்கே தாத்தா வீட்டில் என்று முடிவாயிற்று. சம்பந்தி வீட்டார் இருபது பேர். கேக் முட்டை இல்லாததாக இருக்க வேண்டும்.

அப்போதுதான் நான் சீட்டுப் பணத்தில் ஒரு ஓவன் வாங்கியிருந்தேன். மூன்று நாள் கேக் வகுப்புக்கும் போய் வந்திருந்தேன். ஆனால் "நான் கேக் செய்து தருகிறேன்" என்று யாரிடமும் சொல்ல வாய் வரவில்லை. ஒரு மாதமாக ஓவன் துணி போர்த்திக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தது. லைட்டண்ணன்தான் தன் வீட்டில் என் பேச்சை எடுத்தார். சுவருக்கு இந்தப் பக்கம் எனக்கு எல்லாம் கேட்டது.

"அவளுக்கு ரவிக்கை தெக்கத் தெரியும். கேக்கெல்லாம் நாமக்கல் பேக்கரியில சொல்லிக்கலாம். சம்பந்திக முன்னால மானத்த வாங்கோணுமா?" இது அக்கா.

"ஒரு தரம் செஞ்சு பாக்கட்டும். நல்லா வந்தா அம்மிணி செய்யட்டும். வரலீன்னா பேக்கரி. போதுமா?"

"எம்பேச்சு எப்ப எடுபட்டிருக்குது?"

இப்படி எனக்கு முதல் ஆர்டரும் முதல் பரீட்சையும் சேர்ந்தே வந்தன. நாமக்கல் சூப்பர் மார்க்கெட்டிலிருந்து முட்டை தேவைப்படாத கேக் மாவு ஒரு பாக்கெட் வாங்கிவந்து கொடுத்தார். பளபளவென்று வெள்ளித் தாள். வெயிலில் பிடித்துப் பார்த்தார். வெளிச்சம் உள்ளே போகவில்லை. "உள்ளார பாக்க முடியாத பொருளு. எனக்கு நம்பிக்கை இல்லீங்க. நீங்க பாத்துச் செய்ங்க" என்றார்.

புதன்கிழமை மத்தியானம் செய்தேன். சரவிளக்கு ஏற்றுகிற பயபக்தியோடு மாவைக் கொட்டினேன், எண்ணெய் ஊற்றினேன், பால் ஊற்றினேன், கலக்கினேன், ஓவனில் வைத்தேன். கை கழுவலாம் என்று திரும்பினால், தொட்டி ஓரத்தில் நாலு முட்டை ஓடுகள் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன.

சத்தியமாக நான் நினைத்துச் செய்யவில்லை. காலையில் அவர் வைத்துவிட்டுப் போன அட்டை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. வகுப்பில் "ஒரு கிண்ணம் மாவு, நாலு முட்டை" என்று மூன்று நாளும் பாடமாகச் சொல்லிக் கொடுத்தார்கள். மனசு பாக்கெட்டில் இருந்தது. கை முட்டைக்குப் பேர்போன நாமக்கல் ஜில்லாவில் இருந்தது. உடைத்துப் போட்டுவிட்டது.

ஓவனுக்குள்ளே கேக் பொங்கியது. தகர டப்பாவைத் தாண்டி எழுந்தது. பிறகு பெருமூச்சு விட்டதுபோல் அப்படியே உட்கார்ந்துவிட்டது. எடுத்துப் பார்த்தால் மேலே அடை, நடுவிலே ஆம்லெட், அடியிலே கரி. ஓடுகளை அவசர அவசரமாக வெட்டுத்துணிப் பைக்குள் திணித்தேன். ஒத்திகையாகப் போயிற்றே, ஞாயிற்றுக்கிழமை இதைச் செய்திருந்தால் அந்த இருபது பேரின் கதி என்ன என்று நினைத்துக்கொண்டே பையின் வாயை இறுக்கிக் கட்டினேன்.

லைட்டண்ணன் வந்தார். கேக்கைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். கேக்கைத் தூக்கி பல்புக்கு நேராகப் பிடித்தார். முட்டைக்கு ஆகிற நேரத்தைப்போல் பத்து மடங்கு நேரம் பார்த்தார்.

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது.

"மாவுல கோளாறு" என்றார். "நாளைக்குக் காலையில கடைக்குப் போறோம். நீங்களும் வாங்க, அம்மிணி."

வியாழக்கிழமை பஸ் ஏறினோம். முட்டை அட்டையின் மேல் கேக்கை வைத்து, கீழே இன்னொரு அட்டையால் முட்டுக் கொடுத்து, சணலால் கட்டி மடியில் வைத்துக்கொண்டார். கண்டக்டர் கேட்டார்: "என்னுங்க அது?"

"சாட்சி. அதுக்கும் டிக்கெட்டுங்களா?"

நான் பெண்கள் பக்கம் உட்கார்ந்து, வழியெல்லாம், 'அண்ணா, தப்பு என்னுது' என்ற மூன்று வார்த்தையை மனப்பாடம் செய்துகொண்டு போனேன். நாமக்கல் வந்துவிட்டது. வார்த்தை வரவில்லை.

பில் போடுகிற பெண் பாக்கெட்டைப் பார்த்ததும் தலையை ஆட்டினாள். "பிரிச்ச பாக்கெட்ட நாங்க திருப்பி எடுக்கறதில்லீங்க."

"பிரிக்காம கேக்கு செய்யற வித்தை இருந்தா சொல்லிக் குடு சாமி, கத்துக்கறேன்."

"பில்லு இருக்குதுங்களா?"

கொடுத்தார். சட்டைப்பை வியர்வையில் எழுத்தெல்லாம் வெளுத்துப்போயிருந்தது. "ஒண்ணுமே தெரியலீங்களே" என்றாள். அவர் அதை வாங்கி மேலே விளக்குக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். தேதி, நேரம், விலை எல்லாம் நிழலாகத் தெரிந்தன. வாழ்க்கையில் அந்தப் பழக்கம் அவருக்கு உருப்படியாக உதவிய நாள் அது. அந்தப் பெண்ணும் எட்டிப் பார்த்துவிட்டு மேனேஜரைக் கூப்பிட்டாள்.

மேனேஜருக்கு முப்பது வயசு இருக்கும். கழுத்தில் டை. "அங்கிள், மாவுலதான் கோளாறுன்னு எப்படிச் சொல்றீங்க?"

லைட்டண்ணன் சணலை அவிழ்த்தார், டார்ச்சை எடுத்தார், கேக்குக்குப் பின்னால் அடித்துக் காட்டினார். "பாருங்க தம்பி. பொட்டு வெளிச்சம் வருதுங்களா? எங்கூட்டுச் செவுத்துலகூட ஓட்டை இருக்குது."

கூட்டம் சேர்ந்துவிட்டது. ஒரு அம்மா கூடையிலிருந்த அதே மாவுப் பாக்கெட்டை எடுத்து மெதுவாக அலமாரியில் திருப்பி வைத்தார். மேனேஜர் அதைக் கவனித்தார். குனிந்து கேக்கை மோந்தார்.

"முட்டை வாசம் அடிக்குதே, அங்கிள்?"

என் உயிர் போய்விட்டது.

"நான் முட்டைக் கடைக்காரன் தம்பி. எங்கிட்ட முட்டை வாசம் வராம மல்லிப்பூ வாசமா வரும்?"

கூட்டம் சிரித்தது. மேனேஜர் சிவந்துபோய், மாவுக் கம்பெனிக்கே போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து நீட்டினார். முதலில் மிஷின் பேசியது. தமிழுக்கு மூன்றை அழுத்தச் சொன்னது. "சரிங்க, அழுத்தறேனுங்க" என்று அதற்கும் மரியாதை கொடுத்தார். பிறகு ஒரு பெண் வந்தாள்.

"சார், ஓவன் நல்ல நிலையில் இருந்ததா?"

"புது ஓவனு சாமி. பச்சப் புள்ளைக்குப் போத்தற மாதிரி துணி போத்தி வெச்சிருக்குது இந்த அம்மிணி."

"செய்தவங்களுக்கு முன் அனுபவம் இருக்கா சார்?"

"எட்டு வருசமா எங்கூட்டுக்காரி இவங்க தெச்ச ரவிக்கைதான் போடறா. ஒரு தையல் உட்டதில்ல."

 அந்தப் பெண் அடுத்த கேள்விக்குப் போனாள்: "சார், இது முட்டை சேர்க்கக் கூடாத மாவு. முட்டை ஏதாவது சேர்த்தாங்களா?"

 நான் புடவைத் தலைப்பைக் கையில் சுற்றிச் சுற்றிக் கயிறாக்கிவிட்டேன். இதோ, இப்போது சொல்லிவிடு என்று எனக்கு நானே சொன்னேன்.

"முப்பது வருசம் முட்டையோட பொழங்குனவன் நானு" என்றார் லைட்டண்ணன் நிதானமாக. "ஒரு பொருள்ல முட்டை இருந்தா எனக்குத் தெரியாமப் போயிருமுங்களா?"

"சாரி சார்" என்றாள் அந்தப் பெண்.

பணமாகத் தரமாட்டார்கள், வேறு பாக்கெட் தருவார்கள் என்று முடிந்தது. அவர் நகரவில்லை. "பாக்கெட்டு கெடக்கட்டும் தம்பி. மாவு சரியில்லேன்னு ஒரு சீட்டுல எழுதி, சீல் வெச்சுக் குடுங்க."

"அதெல்லாம் எழுத முடியாது அங்கிள்."

"பணத்துக்கு நான் வரலீங்க. எங்கூட்டுக்காரிகிட்டக் காட்டோணும். இந்த அம்மிணிக்குக் கேக்கு வராதுன்னு அவ பேக்கரிக்குச் சொல்லப் போறா."

மேனேஜர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். என்ன நினைத்தாரோ, கடைத் தாளில், 'வாடிக்கையாளர் திருப்திக்காக வேறு பாக்கெட் மாற்றித் தரப்பட்டது' என்று பொடி எழுத்தில் எழுதி சீல் அடித்தார். லைட்டண்ணன் அதைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"போதுமுங்க. கண்ணாடி போட்டாலும் அவளுக்கு இவ்வளவு சின்ன எழுத்துத் தெரியாது. சீலு தெரியும்." புறப்படும்போது, "சாயங்காலம் முட்டை வண்டியில உங்க பேருக்கு ரெண்டு அட்டை வரும். ஊட்டுக்கு எடுத்துட்டுப் போங்க" என்றார். பாக்கெட் விலையைவிட அது அதிகம்.

  திரும்புகிற பஸ்ஸில் யோசித்துப் பார்த்தேன். கடையில் அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. எல்லாம் நிஜம். கேட்ட கேள்விக்குப் பதில்தான் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை கேக் நன்றாக வந்தது. அம்மாபேட்டை சம்பந்தியம்மா இரண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அக்கா என் பக்கம் திரும்பி, "ரவிக்கையாட்டமே கச்சிதமா இருக்குது" என்றார். இப்போது மாதம் நாலைந்து ஆர்டர் வருகிறது. ஓவனுக்குத் துணி போர்த்த நேரமில்லை.

அண்ணா, இந்தப் பக்கத்தையும் நீங்கள் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பீர்கள் என்று தெரியும். நாலு முட்டை போட்டது நான்தான். முப்பது வருஷத்தில் உங்கள் கையைத் தாண்டிப் போன ஒரே கீறலும் நான்தான் என்று நினைக்கிறேன்.

கடைக்குப் போய் வந்த மறுநாள், வெள்ளிக்கிழமை காலை, என் வாசலுக்கு முட்டை வரவில்லை. சனிக்கிழமையும் இல்லை, ஞாயிற்றுக்கிழமையும் இல்லை. கேக் வேலை முடிந்த மறுநாள், திங்கட்கிழமை ஆறு மணிக்குக் கதவில் ஒரு தட்டு. கிழிந்த அட்டையில் பத்து முட்டை இருந்தது.