ஆர்.சி. அண்ணாச்சியும் மாப்பிள்ளைக் காரும்

எமனே எருமையோடு வந்து கூப்பிட்டாலும், "இதுக்கு இன்சூரன்ஸ் இருக்கா?" என்று கேட்காமல் ஆர்.சி. அண்ணாச்சி ஏறமாட்டார். புனே பக்கம் தாபோடியில் எங்கள் பக்கத்து வீடு, நெல்லைக்காரர், கட்கியில் ஃபாக்டரி வேலை. சொந்தமாக இருந்தது ஒரு சைக்கிள்தான். ஆனால் அடுத்தவன் வண்டி என்றால் ஆர்.சி. புக், இன்சூரன்ஸ், புகை சர்டிபிகேட் மூன்றையும் பார்த்த பிறகே காலை உள்ளே வைப்பார். அவர் தலை தெரிந்தாலே ஆட்டோக்காரர்கள் வேறு சந்தில் திரும்பிவிடுவார்கள்.

"வண்டி இடிச்சுட்டுன்னா, அடிபட்டவன் குடும்பத்துக்கு யாருல பதில் சொல்லுவா?" என்பார்.

தொண்ணூறுகளின் கடைசியில் எனக்குக் கல்யாணம். மண்டபம் ஆற்றுப்பாலம் தாண்டி போபோடியில். பெண்ணின் சித்தப்பா பூ ஜோடித்த காரோடு வந்து நின்றார். முகூர்த்தத்துக்கு அரை மணி நேரம்தான் இருந்தது. நான் ஏறப் போனேன். அதற்குள் அண்ணாச்சி டேஷ்போர்டைத் திறந்து காகிதங்களைப் புரட்டிவிட்டார்.

"ஏல, ஏறாத. இன்சூரன்ஸ் நேத்தோட முடிஞ்சிட்டு."

"ஒரு நாள்தானே, போகட்டும் விடுங்க" என்றார் சித்தப்பா.

"முகூர்த்தம் ஒரு நாள் தள்ளிப்போனா விடுவீரா வே?"

நேரம் தப்பினால் மாமனார் முகத்தில் எப்படி விழிப்பது? அண்ணாச்சி சைக்கிளை உருட்டி வந்தார். "இதுக்கு ஆர்.சி.யும் வேண்டாம், இன்சூரன்சும் வேண்டாம். உக்காருல."

பட்டு வேட்டியும் மாலையுமாகக் கேரியரில் உட்கார்ந்தேன். அந்த மனுஷனிடம் மாட்டேன் என்று சொல்லத் தாபோடியில் ஆள் பிறக்கவில்லை. கோபத்தில் சித்தப்பா என் நண்பர்களை ஏற்றிக்கொண்டு, ஹாரன் அடித்து எங்களை முந்திப் போனார்.

பாலம் இறங்கும் இடத்தில் டிராஃபிக் ஹவல்தார் அந்தக் காரை ஓரங்கட்டி, "காகஜ் திகாவ்" என்று காகிதங்களைக் கேட்டுக் கை நீட்டிக்கொண்டிருந்தார். அண்ணாச்சி பெல் அடித்தார். ஹவல்தார் என் மாலையைப் பார்த்ததும் மற்ற வண்டிகளை நிறுத்தி எங்களுக்கு வழிவிட்டார். குறித்த நேரத்தில் தாலி கட்டினேன். சித்தப்பா கடைசிப் பந்திக்குத்தான் வந்து சேர்ந்தார்.

பிறகு நானும் ஒரு கார் வாங்கினேன். வருஷா வருஷம் இன்சூரன்ஸ் முடியும் சமயத்தில் அண்ணாச்சியின் போன் வரும். ரிட்டயராகி நெல்லைக்குப் போன பிறகும் அது நிற்கவில்லை.

"மாப்ள, முடியப்போவுது. கட்டிட்டியால?"

"கட்டிட்டேன் அண்ணாச்சி."

காரை விற்று வெகு நாளாகிறது. அதை மட்டும் அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் அந்த போன் வராதே.